சில்லுப் பூட்டின ஊடு

அபெரிஸ்ட்வித், வேல்ஸ்
15.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

  

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்க போனை எடுத்த கையோடு ஸ்பீக்கரைப் போடுற ஆள். பக்கத்தில் உம்மா இருப்பா, அவவுக்குப் பக்கத்தில் மாமி இருப்பா, வேலிக்கு அந்தப் பக்கம் யார் யார் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாங்க என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதனால் லண்டனில் இருந்து சாய்ந்தமருதுக்கு வாற ஒருத்தர் கையில் இந்தக் கடதாசியைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்து முடிந்ததும் உங்கட தூக்குக்குண்டும் கரண்டியும் கிடக்கிற பெட்டிக்குள் போட்டுவைங்க. ராத்தா அதை ஒருநாளும் திறக்கமாட்டா.

விஷயம் இதுதான். நான் குடியிருக்கிற வீட்டுக்குச் சில்லு இருக்கு.

மாமி மட்டும் அரைவாசி கண்டுபிடித்துவிட்டா. போன மாசம் வீடியோ கோலில், "மருமகன், ஏன் லொறிக்குள்ள படுத்திரிக்கீங்க?" என்று கேட்டா. இது இங்கத்தய மொடல் என்று சமாளித்து, போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஜன்னல் கண்ணாடியில் ஒரு செம்மறியாடு மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. அதோடு மாமி போனை உங்கட மகன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டா.

இதற்குப் பேர் கரவன். இரும்புச் சட்டகம், நடுவில் இரண்டு சில்லு, அதுக்கு மேலே மரச்சட்டத்தில் நிற்கிற ஒரு பெட்டி. வெளியே சோடா டின்னைவிடக் கொஞ்சம் தடிப்பான அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவூட், இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் பஞ்சு. நீளம் 28 அடி, அகலம் 10 அடி. செய்த வருஷம் 1989. எனக்கு ஒரு வயசு மூப்பு. அதனால் மரியாதைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

வேலை கிழடுகளைப் பார்க்கிற இல்லத்தில் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் டவுணுக்குள் அறை எடுக்க முடியாது. இங்கே 1872இல் தொடங்கின பல்கலைக்கழகம் ஒன்று இருக்கு, ஊரில் இருக்கிற அறை எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கே காணாது. டவுணுக்கு வெளியே, கடலைப் பார்த்த மேட்டில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிற ஒரு கிழவர், தன்ட காணி மூலையில் இந்தக் கரவன் சும்மா கிடக்கு என்றார். வாடகை பாதி. கேட்ட உடனே சரி என்றுவிட்டேன்.

யோசித்துப் பாருங்க மச்சான். எங்கட கரையில் ஆம்பிளைக்கு எங்கே சொந்த வீடு? பிறந்தது உம்மா வீடு. கல்யாணம் முடித்தால் பொஞ்சாதி வீடு, அதுவும் அவட வாப்பா சீதனமாய்க் கட்டிக் கொடுத்தது. பிறகு ஆயுள் முழுக்க உழைத்து மகளுக்கு ஒரு வீடு கட்டவேணும். நீங்க இருக்கிறது ராத்தாட வீட்டில், நான் இருந்தது மாமிட மகள்ட வீட்டில். எங்கட பரம்பரையிலேயே தனக்கென்று ஒரு கூரைக்குக் கீழே தனியாகப் படுத்த முதல் ஆம்பிளை நான்தான். அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு சில்லு இருக்கு, அவ்வளவுதான் குறை.

வந்த புதிதில் இங்கத்தய பாஷையும் என்னை நல்லா ஏமாற்றியது. ரோட்டில் வெள்ளைப் பெயின்டால் பெரிய எழுத்தில் ஏ, ஆர், ஏ, எஃப் என்று எழுதியிருக்கு. வளைவுக்கு வளைவு இருக்கு. ஸூரத்துல் அஃராஃபை யார் இங்கே ரோட்டில் எழுதிவைத்தான் என்று பஸ்ஸில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பெயின்டுக்கு மேலே வண்டிகள் ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். பிறகு பண்ணைக்காரர்தான் சொன்னார், அது வெல்ஷ் பாஷை, அரவ் என்று வாசிக்கவேணும், மெல்லப் போ என்று அர்த்தமாம். அவர் எந்த வேலையைத் தொட்டாலும் முதலில் அந்தச் சொல்லைத்தான் சொல்லுவார்.

இனி காற்றுக் கதைக்கு வாறேன்.

இங்கத்தய கடல் மேற்கே. சூரியன் கடலில் விழுகிறதைப் பார்க்க எனக்கு இன்னும் பழக்கமில்லை, எங்கட ஊரில் அது கடலில் இருந்து எழும்புகிற சாமான். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பக்கமிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் புயல் வரும். 2015இல் இருந்து அதுகளுக்குப் பேர் வைக்கிறாங்க. பிரித்தானியா, அயர்லாந்து, நெதர்லாந்து மூன்று நாட்டு வானிலைக்காரரும் சேர்ந்து செப்டெம்பரில் ஏ எழுத்தில் தொடங்குவாங்க. இந்தப் பருவத்தில் நவம்பர் 22இல் பேர்ட் வந்தார், 27இல் கொனல் வந்தார், டிசம்பர் 6இல் டரா. இரண்டு கிழமைக்குள் மூன்று பேர். டவுண் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி இருக்கு. அதே நாட்களில் எங்கட பக்கத்தை முக்கியெடுத்த ஃபெங்கல் புயலுக்குப் பேர் கொடுத்தது சவூதியாம். மாவடிப்பள்ளி ரோட்டில் உழவு மெஷினில் போன மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோன செய்தியை இங்கே இரவு வேலையில் இருக்கும்போதுதான் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க ஒருத்தரோடும் பேசவில்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்குச் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

காக்காவைக் கட்டுகிற வேலையை நான் தொடங்கினது செப்டெம்பர் கடைசியில். ஒரு சாதாரணக் காற்று இரவில் பெட்டி முழுக்க ஆடி, மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக நடந்து வந்து என்ட மடியில் கொட்டியது. விடிந்ததும் குனிந்து கீழே பார்த்தேன். காக்கா நிற்கிறது சில்லிலும் இல்லை, நிலத்திலும் இல்லை. முந்தி இருந்தவர் முட்டுக் கொடுத்திருந்த உக்கின மரக்குத்தியிலும், ஒரு மூலையில், நம்பினால் நம்புங்க, பழைய டெலிபோன் டிரக்டரி இரண்டிலும்.

அன்றைக்கு உங்களை நினைத்தேன். நீங்க எந்த வேலைக்குப் போனாலும் முதலில் மட்டம் பார்ப்பீங்களே. பண்ணைக்காரரிடம் வாட்டர்லெவல் கேட்டேன், ஒரு முழ நீளச் சட்டத்தைத் தந்தார். அது 28 அடிக்கு என்ன செய்யும்? உள்ளே தெரிகிற குழாய் ஒன்றை வாங்கி, தண்ணி நிரப்பி, ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, மற்ற நுனியை நான் பிடித்துக்கொண்டு நாலு மூலையும் பார்த்தோம். அறுபது வருஷமாய்ப் பண்ணை செய்கிறவர், குழாயில் தண்ணி தானாக ஒரே உயரத்தில் வந்து நிற்கிறதைச் சின்னப்பிள்ளை மாதிரி மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடல் பக்கத்து மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. கோப்பை நடந்த காரணம் அதுதான். ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கி, சட்டகத்துக்குக் கீழே கொங்கிறீட் கல் அடுக்கி, கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் பலகையும் ஆப்பும் வைத்து இறுக்கினோம். சட்டக இரும்பை முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி. நல்ல இரும்பு மணிபோலச் சொல்லும், கறள் தின்றது தொப்பென்று சொல்லும். இரண்டு இடம் தொப்பென்றது. அதுகளுக்கு இரும்புப் பட்டை வைத்து ஒட்டச்சொல்லி ஆள் பிடித்தேன், மிச்சத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன்.

அடுத்தது மரம். பழைய கரவனுக்குச் சாவு வெளியே இருந்து வாறதில்லை. ஜன்னல் ரப்பர் காய்ந்து வெடிக்கும், மழைத்தண்ணி அதுக்குள்ளால் சொட்டுச் சொட்டாய் இறங்கும், தகடு வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சட்டம் உக்கிப்போகும். குளிக்கிற அறைப் பக்க ஜன்னலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினேன். தேத்தண்ணியில் ஊறின ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது. பிளைவூட்டைக் கழற்றினால் மூன்றடி நீளத்துக்குச் சட்டமே இல்லை, சட்டம் இருந்த இடத்தில் கறுப்புத் தூள். எவ்வளவு கயிறு போட்டுக் கட்டினாலும் என்ன, கட்டுகிறதுக்கு உள்ளே எலும்பு இருக்கவேணுமே. நல்ல மரம் தெரியும் வரைக்கும் வெட்டி எடுத்து, புதுச் சட்டம் பொருத்தி, கறள் பிடிக்காத ஸ்க்ரூ போட்டு, மூலைக்கு மூலை இரும்புக் கோணம் வைத்தேன். ஜன்னலைச் சுற்றி ஒட்டுகிறதுக்குக் கறுப்பாய், பிசின் மாதிரி நாடா ஒன்று விற்கிறாங்க. ஒருதரம் கையில் பட்டால் மூன்று தொழுகைக்கு ஒளு எடுக்கும்போதும் தேய்க்கவேணும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கட்டுகிற வேலை. நீங்க கணக்குக் கேட்கிற ஆள் என்பதால் எழுதுகிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். மணிக்கு 75 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் சுவரை 27 கிலோ அளவில் தள்ளும். 150 கிலோமீற்றர் என்றால் 100 கிலோவைத் தாண்டும். காக்காட நீளப்பக்கச் சுவர் 20 சதுர மீற்றர். அப்படியென்றால் இரண்டு தொன்னுக்கு மேல் தள்ளு. காக்காட மொத்தப் பாரமே மூன்று தொன்தான். அதோடு தட்டையான கூரைக்கு மேலால் காற்று ஓடும்போது கூரையை மேலேயும் இழுக்கும். அதனால் சாய்க்கிற காற்றுக்கு மட்டும் முட்டுக் கொடுத்தால் காணாது, தூக்குகிற காற்றுக்கும் சேர்த்து நிலத்தோடு கட்டவேணும்.

ஹார்ட்வெயார் கடையில் தக்கைத் திருகி மாதிரி இரும்பு நங்கூரம் விற்கிறாங்க, நிலத்துக்குள் திருகி இறக்குகிறது. வாங்கிக்கொண்டு வந்து திருகினேன். எங்கட கடற்கரை மணல் என்றால் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும், இழுத்தால் அதே மாதிரி வெளியேயும் வந்துவிடும். இங்கே ஒரு அடி இறங்கினதும் பாறை. மேலே புல்லு, கீழே சிலேட்டு. பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே அலவாங்கைக் கொண்டுவந்து தந்தார். இரண்டரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் கிடங்கு தோண்டி, உள்ளே வளைந்த கம்பியை வைத்து, கொங்கிறீட்டை நிரப்பினால் ஒரு கிடங்குக்கு ஒரு தொன் பாரம். அதில் சங்கிலி போட்டுச் சட்டகத்தோடு பூட்டினால் காற்று முதலில் அந்தக் கல்லைத் தூக்கவேணும்.

எத்தனை கிடங்கு என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அவர், இந்த மேட்டில் காற்று எப்போதும் தென்மேற்கே, முன்பக்கத்தில் இரண்டு போதும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. காற்று படுகிற பக்கம்தான் முதலில் நிலத்தை விட்டு எழும்பும், அந்தப் பக்கம் கட்டினால் பிரளாது. பாறையில் இரண்டு கிடங்கு தோண்டினதுக்கே என்ட இரண்டு உள்ளங்கையும் பொக்களம்.

அந்த நேரத்தில்தான் மூத்தம்மாட ஞாபகம் வந்தது. 78 சூறாவளிக் கதை உங்களுக்குச் சொல்லியிருப்பா, எங்க வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்த எல்லாருக்கும் அவ சொன்ன முதல் கதை அதுதான். 1978 நவம்பர் 23, இரவு. மூத்தாப்பா கரைவலைக் கயிற்றை எடுத்து, கிடுகுக் கூரைக்கு மேலால் போட்டு, கடல் பக்கத்துத் தென்னையில் இறுக்கிக் கட்டினார். காற்று முதலில் அடித்த பக்கத்துக்கு அந்தக் கட்டு நின்றது. பிறகு காற்றுத் திசை மாறியது. மற்றப் பக்கத்தால் நுழைந்து, கூரையைக் கிடுகும் வளையுமாகத் தூக்கிக்கொண்டு, கட்டின தென்னையையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போனது. வீட்டில் மிஞ்சினது அம்மியும் மூத்தம்மாவும்தான் என்று வாப்பா பகிடி பண்ணுவார். "காத்துத் திரும்பும் மனே, ஒரு பக்கம் மட்டும் கட்டாத" என்று அவ சொல்லும்போது எனக்குப் பத்து வயசு, கதை எப்போது முடியும், பணியாரம் எப்போது வரும் என்று இருந்தேன்.

பண்ணைக்காரரிடம் இந்தக் கதையை என்ட இங்கிலீஷில் சொன்னேன். எவ்வளவு விளங்கினதோ தெரியாது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், பிறகு தன்ட அலவாங்கையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக்கு வந்தார். நாலு மூலைக்கும் நாலு கிடங்கு. கொங்கிறீட் நல்லாக் காய ஒரு மாசம் விட்டோம். கூரைக்கு மேலால் வைக்கோல் உருண்டை கட்டுகிற அகலப் பட்டி மூன்று போட்டோம், சட்டம் இருக்கிற இடம் பார்த்து, தகடு வெட்டாமல் விளிம்பில் பழைய கம்பளத்துண்டு வைத்து.

அந்தப் பட்டியால் முதல் இரவே எனக்கு நித்திரை போனது. விண் கட்டின பட்டத்தை ஏற்றிவிட்டு அதுக்குக் கீழே படுத்த மாதிரி இரவு முழுக்க ஙொய்யென்று ஒரே இரைச்சல். காலையில் கிழவர் வந்து ஒவ்வொரு பட்டியையும் அவிழ்த்து ஒரே ஒரு முறுக்கு முறுக்கித் திரும்ப இறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது. தட்டையான பட்டியில் காற்று படும்போதுதான் அது அதிரும், முறுக்கு விழுந்தால் அதிராதாம்.

இன்னொரு விஷயத்திலும் அவர்தான் என்னைக் காப்பாற்றினார். காற்று வராமல் இருக்க, தரையில் இருந்த ஓட்டைகளுக்குள் நான் பழைய துணியைத் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடிவந்து பிடுங்கி எறிந்தார். உள்ளே எரிகிறது காஸ் அடுப்பு, காஸ் ஹீட்டர். அந்த ஓட்டையை அடைத்தால் கார்பன் மொனொக்சைட் சேரும், அதுக்கு மணமுமில்லை நிறமுமில்லை, படுத்தவன் எழும்பமாட்டான். அதைக் கண்டுபிடித்துக் கத்துகிற ஒரு சின்னப் பெட்டி இப்போது சுவரில் இருக்கு.

மேற்குப் பக்கத்தில் கல் மதில் ஒன்று கட்டுவோமா என்று கேட்டேன். வேண்டாம், பத்தை வளர்த்த வேலி போதும் என்றார். மதிலில் மோதின காற்று மேலால் பாய்ந்து அந்தப் பக்கம் சுழன்று விழும், அது இன்னும் கெடுதல். வேலி என்றால் காற்று வடிந்து வரும். கிடுகு வேலியை இடித்துவிட்டு மதில் கட்டச்சொல்லி உங்கட தலையைத் தின்றவன் நான்தான். அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் ராத்தாவிடம் சொல்லவேண்டாம், அவ மதில் கட்டத்தான் சீட்டுப் பிடிக்கிறா.

டரா வந்த கதை இது. டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. இங்கே இந்த மாசம் நாலு மணிக்கு மஃரிப், ளுஹர் தொழுது பாயைச் சுருட்டுகிறதுக்குள் அஸர். இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்குக் கிட்ட மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று போனில் ஒரு ஊளை. ரிங் இல்லை, பாங்கு இல்லை, அப்படி ஒரு சத்தத்தை என்ட போனில் நான் கேட்டதே இல்லை. இஸ்ராஃபீல் அலைஹிஸ்ஸலாம் ஸூரை எடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கலிமாச் சொல்லிக்கொண்டே பார்த்தால், அரசாங்கத்துச் செய்தி. சிவப்பு எச்சரிக்கை, விடியக்காலை மூன்று மணியில் இருந்து பதினொரு மணி வரைக்கும், வெளியே போகாதீங்க. வேல்ஸிலும் இங்கிலாந்தின் மேற்கிலும் முப்பது இலட்சம் பேர்ட போனில் ஒரே நேரத்தில் அந்த ஊளை. மச்சான், 2004 டிசம்பர் 26 காலையில் எங்கட கரையில் அப்படி ஒரே ஒரு போன் ஊளையிட்டிருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்து. மீனை அப்படியே சிங்கில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தேன்.

கதவைத் தட்டினார் கிழவர். "வா வீட்டுக்கு" என்றார். எனக்கு வந்ததே கோபம். இரண்டு மாசம் கிடங்கு தோண்டி, நாலு தொன் கொங்கிறீட் ஊற்றி, மூன்று பட்டி போட்டு, ஆப்பு அடித்து, கடைசியில் காற்று வாற அன்றைக்கு வெளியே போய்ப் படுக்கவா? அவர் பொறுமையாய்ச் சொன்னார். கட்டினது பெட்டி பிழைக்கிறதுக்கு. நீ பிழைக்கவேணும் என்றால் சிவப்பு எச்சரிக்கையில் கரவனுக்குள் படுக்கக்கூடாது. பறந்து வாற ஒரு தகரத்தைத் தடுக்க இந்த அலுமினியத்தால் முடியாது. காஸ் சிலிண்டரைப் பூட்டினேன், மெயினை அணைத்தேன், 20 கிலோ பாஸ்மதி மூட்டையைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், பாரத்துக்குப் பாரம். குர்ஆனையும் பாஸ்போட்டையும் மாசித் தூள் போத்தலையும் பைக்குள் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

அவர்ட வீடு இரண்டடிக் கல்லுச் சுவர். சமையலறையில் இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் எனக்குச் சோபா. அடுப்புக்கு மற்றப் பக்கம் அவர்ட ஆடு மேய்க்கிற நாய். ஹலால் இல்லாத இறைச்சி தின்னமாட்டேன் என்று தெரிந்து மனிசன் மீன் பொரித்துத் தந்தார், நான் மாசிச் சம்பல் போட்டேன், அவர் கண்ணில் தண்ணி வடிய வடிய இரண்டாம் தரம் வாங்கினார். நாய் மட்டும் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காற்று ஒருதரம் ஊளையிட்டால் அது ஒருஅடி என் பக்கம் நகரும். மூன்று மணிக்கு ஈர மூக்கு என்ட காலில். நான் ஷாபிஈ மத்ஹப் என்று அதுக்கு எப்படி விளங்கப்படுத்துகிறது? மண் கலந்து ஏழு தரம் கழுவக் காலையில் மண்ணுக்கா பஞ்சம், வெளியே முழுக்கச் சேறுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம், அதுக்கும் பயம். இரண்டு பேரும் அப்படியே கிடந்தோம்.

நடு இரவு வரைக்கும் காற்று தென்மேற்கே. ஐந்து மணிக்குக் கிட்ட ஒரு தரம் அடங்கின மாதிரி இருந்தது. பிறகு புகைபோக்கியில் சத்தம் மாறியது. கிழவர் கதிரையில் இருந்தபடியே தலையைத் தூக்கினார். வடமேற்கு. காக்காட பின்பக்கம். நாங்கள் வாக்குவாதப்பட்டுத் தோண்டின மூன்றாம் நாலாம் கிடங்குப் பக்கம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். "யுவர் கிராண்ட்மதர்" என்றார். மூத்தம்மா மௌத்தாகிப் பதினொரு வருஷம். வேல்ஸ் நாட்டுக்காரர் ஒருத்தர் விடியச்சாமத்தில் அவவை நினைக்கிறதைக் கேட்டால் கபுறுக்குள் இருந்து பணியாரம் சுட எழும்பியிருப்பா.

வடக்கே கப்பெல் கியூரிக்கில் மணிக்கு 150 கிலோமீற்றர் அளவில் அடித்ததாம். லண்டட்னோவில் நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கடல் பாலம் சேதப்பட்டது. ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பல் அணைகிற இடம் உடைந்து துறைமுகத்தையே மூடிவிட்டாங்க, அயர்லாந்துக்குப் போற கிறிஸ்மஸ் பார்சல் எல்லாம் தேங்கிப்போச்சு. ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு மூடிக் கிடக்கிற துறைமுகம் ஒரு புதினமா? ஒரு இரவில் மூடினதுதான் புதினம்.

மதியம் காற்று இறங்கினதும் போய்ப் பார்த்தோம். கிழவர்ட வைக்கோல் கொட்டிலில் பாதித் தகரம் இல்லை. வேலியில் இரண்டு மரம் சாய்ந்து கிடந்தது. காக்கா நின்ற இடத்தில் நின்றார். மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தேன், கால் அங்குலம் மாறவில்லை. உள்ளே போனால் சிங்கில் மீன் அப்படியே கிடந்தது, கூரையின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம். எனக்கு அழுகை வந்ததை ஆட்டுக்குட்டிகள் பார்த்துக்கொண்டு நின்றதுகள்.

காணாமல் போனது ஒரே ஒரு சாமான். வெள்ளிக்கிழமை காயப்போட்ட மருதமுனைச் சாரன், நீங்க பெருநாளைக்கு வாங்கித் தந்தது, பச்சைப் பெட்டி போட்டது. இரண்டு வயல் தள்ளி, மேட்டு உச்சியில் ஒரு முள்மரத்தில் அது ஏறி நின்று பறந்துகொண்டிருந்தது. அசல் கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம்தான். கீழே நாற்பது செம்மறியாடு சுற்றிநின்று மேலே பார்த்துக்கொண்டிருந்ததுகள், கந்தூரிச் சோறு எப்போது என்கிற மாதிரி. இறக்க ஏறினேன், இரண்டாகக் கிழிந்துவிட்டது.

இப்போது கிழவர் கோழிக்கூட்டைக் காட்டி அதையும் கட்டித் தா என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரனும் தன்ட கரவனைப் பார்க்க வரச்சொல்லியிருக்கிறான். கூலி முட்டையாகவும் உருளைக்கிழங்காகவும் வருகுது. இங்கே எனக்கு ஓடாவி என்று பேர் விழப்போகுது, ஊரில் ஒரு ஆணி நேராய் அடிக்கத் தெரியாதவன் என்று நீங்க சிரித்தது ஞாபகம் இருக்கட்டும்.

மகள்ட வீட்டு வேலைக்கு இந்த மாசக் காசு அனுப்பியிருக்கிறேன். சுவர் மட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னீங்க. கூரை ஏற்ற முதல் ஒரு வேலை செய்யுங்க. சுவருக்கு மேலே போடுகிற பீமில் கொங்கிறீட் ஊற்றும்போது மூன்றடிக்கு ஒரு கம்பியை மேலே நீட்டி விட்டுவிடுங்க. கூரை மரத்தை வைத்ததும் அந்தக் கம்பியை மரத்துக்கு மேலால் வளைத்து இறுக்கவேணும். பாரத்திலேயே நிற்கும் என்று மேசன்மார் சொல்லுவாங்க, விடாதீங்க. கடல் பக்கம் மட்டும் இல்லை, நாலு பக்கமும். கம்பிக்குக் காசு காணாவிட்டால் எழுதுங்க, ஜன்னலுக்குக் கண்ணாடி பிறகு போடலாம்.

உம்மாவிடம் சில்லைப் பற்றி வாய் திறக்கவேண்டாம். கேட்டால் மகன் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறான், வீட்டைச் சுற்றி ஆடு மேயுது என்று சொல்லுங்க. இரண்டும் பொய்யில்லை.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கட மச்சினன்

பின்குறிப்பு: இந்தக் கடதாசி கொண்டுவாறவர் ஜனவரி கடைசியில் திரும்பி வருவார். அவர் கையில் சாரன் இரண்டு கொடுத்துவிடுங்க. மருதமுனைத் தறிச் சாரனாகவே இருக்கட்டும், பச்சை வேண்டாம், ஆட்டுக்குத் தூரத்தில் புல்லு மாதிரித் தெரியுது. அதோடு உடுப்புக் கொளுவுகிற கிளிப் ஒரு பைக்கற், மரத்தில் செய்தது, இறுக்கமானது.